கண்ணகியின் குரல் ஏலூரிலிருந்து வந்தது
வந்து சேர்ந்தவர்கள் – 14

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் போனால் சிறுவாச்சூர். அங்குள்ள மதுரகாளியம்மன் கோயிலில் வாரத்துக்குத் திங்கள், வெள்ளி என்று இரண்டு நாள்தான் நடைதிறப்பு; விசேஷ நாட்கள் தனிக்கணக்கு. மதுரையை எரித்துவிட்டு ஆற்றாமை அடங்காமல் அலைந்த கண்ணகி இந்த ஊருக்கு வந்துதான் அமைதி கொண்டாள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இளங்கோவடிகள் அவளைச் சேர நாட்டு மலைக்கு அனுப்பினார்; நம் ஊர் மக்கள் சிறுவாச்சூருக்கு அழைத்துக்கொண்டார்கள். எது சரி என்று வழக்காட இந்தத் தொடர் வரவில்லை. புகாரில் பிறந்து, மதுரையில் வழக்காடி, எங்கோ போய்ச் சேர்ந்த ஒருத்தியை ஒரு சிற்றூர் தன் குலதெய்வமாக ஏற்றுக்கொண்டதே, அந்தச் செய்திதான் நமக்கு வேண்டும். ஊரைவிட்டு வந்தவள் எப்போது நம்மவள் ஆகிறாள்? கோயிலில் இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பது கடினம். தெய்வம் வாய் திறந்து பேசுவதில்லை. திரையில் கண்ணகி வாய் திறந்து பேசினாள். 1942-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த ‘கண்ணகி’யில் அவளுக்குக் குரல் கொடுத்தவர், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு நாடக நடிகை. பெயர் பசுபுலேட்டி கண்ணாம்பா.

சென்ற இதழில் குலோத்துங்கனைப் பார்த்தோம். தாய் அம்மங்கை, கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திரனின் மகள். தந்தை வேங்கி நாட்டு ராஜராஜ நரேந்திரன். அந்தத் தந்தையின் அவையில்தான் நன்னயா பாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். மகன் 1070-ல் இங்கே வந்து சோழ அரியணை ஏற, அவனுடைய கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் தமிழில் பரணியாகப் பாடினார். வேங்கி என்ற பழைய ஊர் இன்று பெதவேகி என்று அழைக்கப்படுகிறது. ஏலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாம்பா கடப்பையில் பிறந்து வளர்ந்தது அந்த ஏலூரில். எண்ணூற்று எழுபது ஆண்டு இடைவெளியில் அதே வட்டாரத்திலிருந்து இருவர் தெற்கே வந்திருக்கிறார்கள். ஒருவர் வாளோடும் தாய்வழி உரிமையோடும் வந்தார். மற்றவருக்கு அப்படி ஒரு உரிமையும் இல்லை. தாய்வழி ரத்தம் இல்லை, மொழி இல்லை, குரல் மட்டும் இருந்தது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதுதான்: தமிழ் ரசிகர்கள் ஒரு நடிகையை உள்ளூர்க்காரி என்றும் வெளியூர்க்காரி என்றும் பிரித்தது பிறந்த ஊரைப் பார்த்தும் அல்ல, வீட்டில் பேசும் மொழியைப் பார்த்தும் அல்ல. மேடையிலும் திரையிலும் அவர் வாயிலிருந்து வந்த பேச்சைக் கேட்டுத்தான் பிரித்தார்கள். அந்தப் பேச்சைப் பிறப்பு தராது, பயிற்சிதான் தரும்.

கண்ணாம்பாவின் பயிற்சி தெலுங்குப் பத்திய நாடகத்தில் நடந்தது. பத்தியம் என்றால் சாப்பாட்டில் இருக்கும் பத்தியம் இல்லை, செய்யுள். ‘பத்யம்’ என்பார்கள். பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருந்து, உணர்ச்சி முற்றும் இடத்தில் ஒரு செய்யுளை எடுத்து, யாப்பு குலையாமல் ராகம் இழுத்துப் பாடி முடிப்பார்கள். சபையில் கைதட்டல் எழுந்தால் அதே செய்யுளை மறுபடி பாட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்குக் கடைசி அசை வரை கேட்டாக வேண்டும். அங்கே மூச்சுதான் மூலதனம். தெலுங்கு மேடையில் இன்னொன்றும் இருந்தது. கண்ணாம்பா பிறந்த அதே கடப்பை மாவட்டத்தில் சுரபி என்ற சிற்றூரில் 1885-ல் தொடங்கிய குடும்ப நாடகக் குழுக்கள், பெண் வேடத்தைப் பெண்களுக்கே கொடுத்து வந்தன. கண்ணாம்பா சுரபிக் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் பெண் மேடையேறி முழுநீள வேடத்தைத் தாங்குவது அந்த மண்ணுக்குப் புதிதாக இல்லை. பதின்ம வயதிலேயே ஏலூரில் அரிச்சந்திரன் நாடகத்தின் சந்திரமதியாக அவர் பெயரெடுத்தார். பிறகு கடாரு நாகபூஷணத்தை மணந்துகொண்டு, ராஜராஜேஸ்வரி நாட்டிய மண்டலி என்ற பெயரில் இருவருமாகக் குழு நடத்தினார்கள். 1935-ல் தெலுங்குப் பேசும்படம் ‘ஹரிச்சந்திரா’ வந்தபோது சந்திரமதி வேடம் அவரைத் தேடிப் போனது. அடுத்த ஆண்டு திரௌபதி துகிலுரிதலை வைத்துத் தெலுங்கில் இரண்டு படங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. அவற்றில் ஒன்றில் திரௌபதி கண்ணாம்பாதான்.

இதே காலத்தில் தமிழ் மேடை எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் அவர் வருகை ஏன் அவ்வளவு எளிதாக நடந்தது என்பது புரியும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனிகளின் காலம் அது. விடியற்காலையில் எழுப்பிப் பாடம், பிழை விட்டால் பிரம்படி, எழுத்து எழுத்தாக உச்சரிப்பு. பி.யு.சின்னப்பா, என்.எஸ்.கிருஷ்ணன், டி.கே.எஸ். சகோதரர்கள், எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று தமிழ்த் திரையை ஆண்ட ஆண்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர்கள். பட்டறையில் பெண்களுக்கு இடமில்லை. சீதையும் தமயந்தியும் சிறுவர்கள்தான். விளைவு என்னவென்றால், படம் பேசத் தொடங்கியபோது வசனம் பேசப் பழகிய ஆண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு எதிரே நின்று அதே வேகத்தில் பேசப் பெண்கள் மிகக் குறைவு. ‘கே.பி.சுந்தராம்பாள் இல்லையா, டி.பி.ராஜலட்சுமி இல்லையா, எம்.ஆர்.சந்தானலட்சுமி இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருந்தார்கள், பெரிய கலைஞர்கள். ஆனால் அவர்கள் வளர்ந்த ஸ்பெஷல் நாடகத்தில் உயிர்நாடி பாட்டு. பாட்டுக்கு நடுவே அப்போதைக்கப்போது எடுத்துவிடும் தர்க்கம். வள்ளியும் வேலனும் விடிய விடியத் தர்க்கம் செய்வதைக் கேட்டவர்களுக்கு அதன் கூர்மை தெரியும். எழுதி வைத்த உரைநடையை, அடுக்கடுக்காக ஏறும் வாக்கியத்தை, ஒரு சொல் மாறாமல் உச்சிக்குக் கொண்டுபோவது வேறு வித்தை. பத்தியம் பாடிப் பழகியவருக்கு அந்த வித்தை கைவசம் இருந்தது. செய்யுளுக்கு வைத்திருந்த மூச்சை அவர் வசனத்துக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

1940-ல் ‘கிருஷ்ணன் தூது’ மூலம் தமிழுக்கு வந்தார். அது பெரிதாகப் பேசப்படவில்லை. அடுத்த ஆண்டு ‘அசோக்குமார்’. தியாகராஜ பாகவதர் குணாளன். சித்தூர் நாகையா அசோகச் சக்கரவர்த்தி. மகன் முறையானவன்மேல் மோகம் கொண்டு அவன் கண்களைப் பறிக்கக் காரணமாகும் சிற்றன்னை திஷ்யரட்சிதை வேடத்தில் கண்ணாம்பா. அதற்கும் அடுத்த ஆண்டு கண்ணகி. மூன்று படங்களும் மூன்று ஆண்டுக்குள். மொழி தெரியாத ஒருவர் இவ்வளவு விரைவில் எப்படிப் பேசினார்? தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தார் என்று திரையுலகில் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இது குறை இல்லை என்று தெரியும். தமிழ் எழுத்தில் ‘க’ ஒன்றுதான். ‘கண்’ என்பதில் ஓர் ஒலி, ‘தங்கம்’ என்பதில் ஓர் ஒலி, ‘மகன்’ என்பதில் இன்னொன்று. எந்த இடத்தில் எது என்று நமக்குப் பழக்கத்தால் தெரியும். எழுத்து சொல்லித் தராது. தெலுங்கு எழுத்தில் எழுதும்போது ஒவ்வொரு இடத்திலும் வல்லோசையா மெல்லோசையா என்று முடிவு கட்டித்தான் எழுத முடியும். ஆகவே தெலுங்கு எழுத்தில் எழுதிய தமிழ் வசனம், இசைக்காரர் கையில் இருக்கும் சுரக்குறிப்பு மாதிரி. நாம் யோசிக்காமல் விட்டுவிடும் ஒலிகளையெல்லாம் அவர் யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு சங்கதி, தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிபவை. தமிழில் மெய்யில் முடியும் சொற்கள் ஏராளம். அந்தக் கடைசி மெய்யைத் தமிழர்களே விழுங்கிவிடுவோம். ‘வந்தேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்தே’ என்று மூக்கால் முடிப்போம். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த ‘ன்’ ஒரு படிக்கட்டு. மறந்தால் கால் இடறும். அதனால் மறக்காமல் ஒவ்வொரு தடவையும் ஊன்றி மிதிப்பார். ழகரத்துக்குத் தெலுங்கில் இன்று எழுத்தே இல்லை. அதைக் காதால்தான் பிடித்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்தால் பிடித்திருக்கிறார் என்று தெரிகிறது. நம்மில் பலர் இன்றும் பிடிக்கவில்லை.

சொல்லை மட்டும் அவர் கொண்டுவரவில்லை, ஒரு வேடப் பரம்பரையையும் கூடவே கொண்டுவந்தார். அவர் நடித்த பெரிய வேடங்களை வரிசையாகப் பாருங்கள். சுடுகாட்டில் பிணத்துக்கு வாய்க்கரிசி இல்லாமல் நின்று விதியைக் கேட்கும் சந்திரமதி. சூதாடித் தோற்றவனுக்குத் தன்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று சபையைக் கேட்கும் திரௌபதி. தேரா மன்னனிடம் சிலம்பை உடைத்துக் காட்டும் கண்ணகி. 1954-ல் ‘மனோகரா’வில் கணவனான அரசன் கொலுவிருக்கும் மண்டபத்தில் பொறுமையை உதறும் பத்மாவதி. நாலு பேரும் நாலு பேர் முன்னால் நியாயம் கேட்ட பெண்கள். கேட்பதற்கு முன்னால் நெடுங்காலம் வாய்மூடிப் பொறுத்தவர்கள். தமிழ்த் திரையில் அன்று பெண்ணின் கோபத்துக்குப் பழகிய குரல் இல்லை. பக்திக்கும் காதலுக்கும் சோகத்துக்கும் இருந்தது. ஆனால் கேட்பவர்களின் காதில் அந்தக் குரலுக்கு இடம் தயாராக இருந்தது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில் இருக்குமிடமெல்லாம் பாரதம் படித்து, கூத்து கட்டி, தீமிதியோடு முடிப்பார்கள். கூத்தில் பெண் வேடம் கட்டிய ஆண்தான் விரிந்த கூந்தலோடு துச்சாதனன் முன் நின்று சபதம் செய்வார். அந்தச் சபதத்தைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவர்கள்தான் டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்து கண்ணகியைப் பார்த்தார்கள். விரிந்த கூந்தலும் சபை நடுவே கேள்வியும் அவர்களுக்குப் பழகியவை. புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று: இந்த முறை உண்மையான பெண் குரல்.

பெருமை இளங்கோவனுக்கு அல்லவா போக வேண்டும் என்று ஒரு மறுப்பு வரும். ‘கண்ணகி’யின் வசனம் இளங்கோவன் எழுதியது, அதன் அடுக்கும் எதுகையும் அவருடையவை, நல்ல வசனத்தை யார் பேசினாலும் எடுபடும் என்பார்கள். மணிக்கொடிக் காலத்து எழுத்தாளரான இளங்கோவன் தமிழ்ப் படத்துக்கு உரைநடை தந்தவர் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அவர் ‘கண்ணகி’க்கு மட்டும் எழுதவில்லை. 1937-ல் ‘அம்பிகாபதி’க்கு எழுதினார். 1944-ல் வந்து ஆண்டுக்கணக்கில் ஓடிய ‘ஹரிதாஸ்’ படத்துக்கும் எழுதினார். அந்த இரண்டையும் இன்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பாகவதர் பாட்டைச் சொல்வார்கள், வசனத்தைச் சொல்ல மாட்டார்கள். ‘கண்ணகி’ என்றால் வழக்குரைக்கும் காட்சியைச் சொல்வார்கள். எழுதியவர் ஒருவர்தான், பேசியவர் மாறினார். அப்போது வசனம் படப்பிடிப்பின்போதே பதிவாகும். பிறகு இன்னொருவரை வைத்துக் குரல் மாற்றும் வழக்கம் வேரூன்றாத காலம். மைக் எங்கோ தலைக்குமேல் தொங்கும், நடிகர் நகர்ந்தால் ஒலி தேயும், நடுவில் தவறினால் சுருள் வீண். அந்த ஏற்பாட்டில் நீளமான வாக்கியத்தை ஒரே மூச்சில் ஏற்றி இறக்க முடிகிறவர் கையில்தான் இளங்கோவனின் உரைநடை உயிர்பெற்றது. எதிரே கோவலனாக நின்ற சின்னப்பா பாய்ஸ் கம்பெனியின் அசல் வார்ப்பு. அவருக்குச் சமமாக அவரைத் தாங்கியவர் தெலுங்கு மேடையின் வார்ப்பு.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. கண்ணாம்பா வந்தேறியவரே அல்ல என்பது அது. அன்று கடப்பையும் ஏலூரும் சென்னையும் அரியலூரும் ஒரே சென்னை மாகாணம். தெலுங்குப் படங்களும் சென்னை ஸ்டுடியோக்களில்தான் உருவாயின. கண்ணாம்பா தம்பதியின் ராஜராஜேஸ்வரி படக் கம்பெனி இரண்டு மொழியிலும் படமெடுத்தது. எல்லையே தாண்டாதவரை எப்படிக் குடிபெயர்ந்தவர் என்பது? நியாயமான கேள்வி. வரைபடத்தில் அவர் எந்தக் கோட்டையும் தாண்டவில்லைதான். ஆனால் நடிகைக்கு எல்லைக்கோடு வரைபடத்தில் இல்லை, வசனத் தாளில் இருக்கிறது. அந்தக் கோட்டை அவர் 1940-லேயே தாண்டிவிட்டார். அரசாங்கம் 1953-ல்தான் கோடு போட்டது. போட்ட விதமும் அமைதியானதல்ல. தனி ஆந்திரம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். ‘மதராஸ் மனதே’ என்று அந்தப் பக்கமும், விட மாட்டோம் என்று இந்தப் பக்கமும் சென்னைக்காகக் கயிறு இழுத்தார்கள். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. அதற்கு ஐந்து மாதம் கழித்து, 1954 மார்ச்சில் ‘மனோகரா’ வெளியானது. பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகம். திரை வசனம் மு.கருணாநிதி, இயக்கம் எல்.வி.பிரசாத், அவரும் ஏலூர்ப் பக்கத்துக்காரர். சங்கிலியில் கட்டுண்டு நிற்கும் சிவாஜியைப் பார்த்து, இனிப் பொறுக்க வேண்டாம் என்று தாய் கட்டளையிடுகிறாள். மகன் சங்கிலியை அறுக்கிறான். எல்லைத் தகராறின் சூடு ஆறாத அந்த ஆண்டில், தமிழ் உணர்ச்சியைத் தொழிலாகவே கொண்ட ஒரு எழுத்தாளரின் தமிழை ஏலூரில் வளர்ந்த பெண் பேச, தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் ஆரவாரித்தன. அந்த வசனம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஒலித்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பையன்கள் ஒப்பித்தார்கள். அரசியலில் கோடு கிழித்தவர்களின் காதில் அந்தக் கோடு கிழிபடவில்லை.

‘தெலுங்கர்களும் திராவிடர்கள்தானே என்று அன்றைய இயக்கம் நினைத்தது; அதனால் ஏற்றுக்கொண்டார்கள்’ என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். மேடைப்பேச்சுக்கு அது பொருந்தும். இனக்கணக்குதான் காரணம் என்றால் தவமணிதேவியின் கதையை எப்படி விளக்குவது? யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தாய்மொழி தமிழ், யாழ்ப்பாணத் தமிழின் திருத்தத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கடல் கடந்து வந்து, மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படமான ‘சதி அகல்யா’வில் 1937-ல் கதாநாயகி ஆனார். எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த ‘சகுந்தலை’யில் மேனகை, ‘வனமோகினி’யில் காட்டுப்பெண், ‘வித்யாபதி’யில் தாசி, எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆன ‘ராஜகுமாரி’யில் மயக்கும் ராணி. அவருக்குப் பத்திரிகைகளும் ரசிகர்களும் சூட்டிய பட்டம் ‘சிங்களத்துக் குயில்’. தமிழச்சியைச் சிங்களத்துக் குயிலாக்கிவிட்டு, தெலுங்குப் பெண்ணைக் கற்புக்கரசி கண்ணகியாக்கிய ரசிகர்கள் இனக்கணக்குப் பார்த்தார்கள் என்று எப்படிச் சொல்வது? உடைதான் காரணம், தவமணிதேவி துணிச்சலாக உடுத்தினார், அதனால் மோகினி வேடங்களுக்குள் அடைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். பாதி உண்மை. அந்த உடைகளை விரும்பி அணிந்தவர் அவர். அதற்காக அவரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் கண்ணாம்பாவும் திஷ்யரட்சிதையாக வந்து மகன் முறையானவனை மயக்கப் பார்த்தவர்தான். அந்த வேடம் அவர்மேல் ஒட்டவில்லை. மறு ஆண்டே கண்ணகி ஆனார். ஒருவர் வேடத்துக்குள் சிக்கியதற்கும் மற்றவர் வெளியேறியதற்கும் நடுவே இருந்த வேறுபாடு, நாடக மேடை. தவமணிதேவி இசையும் நடனமும் பயின்று நேரே படத்துக்கு வந்தவர். அவரைப் பார்த்தார்கள், பாட்டைக் கேட்டார்கள். வசனத்தால் தன்னை மாற்றிக் காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. தமிழ் அறிந்திருந்தும் அவருக்குத் தமிழ் வசனம் கிடைக்காமல் போனது அந்தக் காலத்தின் கஞ்சத்தனம்.

பொருள் புரியாமல் ஒப்பித்தது நடிப்பாகுமா என்று கேட்பவர்களுக்குக் கொள்ளிடத்தைக் கடந்து போனால் பதில் கிடைக்கும். திருமானூர்ப் பாலம் தாண்டித் தெற்கே போனால் திருவையாறு. ஆண்டுதோறும் தை மாதத்தில் நூற்றுக்கணக்கான பாடகர்கள் காவிரிக் கரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். தியாகராஜர் பாடியது தெலுங்கு; பாடுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தெலுங்கு இல்லை. சாகித்தியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, எந்தக் ‘க’ என்று தெரிவதற்குப் பக்கத்தில் சிறிய எண் போட்டு வைத்துப் பாடுவார்கள். கண்ணாம்பா செய்ததும் இதே வேலைதான், திசை மட்டும் வேறு. தெலுங்கைத் தமிழ் எழுத்தில் படிப்பவரைச் சங்கீத வித்துவான் என்றும், தமிழைத் தெலுங்கு எழுத்தில் படித்தவரை ஒப்பிப்பவர் என்றும் சொன்னால் தராசில் ஏதோ கோளாறு. அதே திருவையாற்றில் பிறந்தவர்தான் டி.பி.ராஜலட்சுமி. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, எச்.எம்.ரெட்டி பம்பாயில் எடுத்தது. அதில் ராஜலட்சுமி தமிழில் பேசினார், எதிரே இருந்தவர்கள் தெலுங்கில் பதில் சொன்னார்கள். தமிழ்ப்படம் என்றே விளம்பரம் செய்தார்கள், மக்களும் போய்ப் பார்த்தார்கள். பதினோராண்டு கழித்து ‘கண்ணகி’ வந்தபோது ரசிகர்கள் அப்படி விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. தமிழ் தமிழாக ஒலிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்ப்பு இறுகிய அந்தக் காலத்தில்தான் ஒரு தெலுங்குப் பெண் அதை நிறைவேற்றினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘காளிதாஸ்’ காலத்துத் தாராளத்தில் அவர் தப்பித்துவிடவில்லை.

பிற்காலம் பெரும்பாலும் தாய் வேடங்கள். தேவர் பிலிம்ஸின் முதல் படமான ‘தாய்க்குப்பின் தாரம்’ தொடங்கி ‘தாய் சொல்லைத் தட்டாதே’, ‘நீதிக்குப்பின் பாசம்’ என்று எம்.ஜி.ஆருக்கு அம்மா, ‘மக்களைப் பெற்ற மகராசி’, ‘உத்தமபுத்திரன்’ என்று சிவாஜிக்கு அம்மா. இவற்றில் பலவும் வழக்கமான கண்ணீர் வேடங்கள், நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1964-ல் கண்ணாம்பா காலமானார். ராஜலட்சுமியும் அதே ஆண்டில்தான். ஆனால் ஒரு படத்தை மட்டும் விட்டுவிட முடியாது. 1960-ல் பீம்சிங் இயக்கிய ‘படிக்காத மேதை’. சபையும் இல்லை, சிலம்பும் இல்லை. ஒரு பெரிய குடும்பத்து வீட்டுக்கூடம். குடும்பத் தலைவர் எஸ்.வி.ரங்காராவ், பிறந்த ஊர் ஏலூரை அடுத்த நூஜிவீடு. அவர் மனைவி பார்வதியாகக் கண்ணாம்பா. இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றியும் பணத்தைப் பற்றியும், தாங்கள் எடுத்து வளர்த்த ரங்கனைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். அடுக்குமொழி இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. அரியலூரிலும் பெரம்பலூரிலும் எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கக்கூடிய பேச்சு. ரங்கன் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு ரங்காராவ் தனியே அமர்ந்து அவனை நினைத்து ஏங்குகிறார். பின்னணியில் சீர்காழி கோவிந்தராஜனின் குரலில், எங்கிருந்தோ வந்து சேர்ந்த சேவகனைப் பற்றிப் பாரதி எழுதிய பாட்டு. கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் ஒருவருக்கும், அந்த வீட்டின் அப்பாவும் அம்மாவும் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்கத் தோன்றியிருக்காது.

(தொடரும்)